மண்ணெண்ணெயில் துடைத்த பெயர்கள்

போன ஆடி அமாவாசையன்று காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் என் அப்பாவுக்குத் தர்ப்பணம் முடிந்ததும் வாத்தியார், "வேற யார் பேராவது இருந்தாச் சொல்லுங்கோ" என்றார். வழக்கம்போல "மருதமுத்து" என்றேன். அவர் எனக்குச் சொந்தமில்லை. நான் பார்த்ததுகூட இல்லை. விரலில் கறுப்பு எள் ஒட்டியிருந்தது. கார்பன் பேப்பர் கறையும் இப்படித்தான், லேசில் போகாது.

அறுபது வருஷத்துக்கு முன்னால் தெப்பக்குளம் பக்கம் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் எனக்கு வேலை. ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் ஒரு சரித்திர புரொபசர் வருவார். ஆப்பிரிக்காவை வெள்ளைக்காரன் எப்படி ஆண்டான் என்பது அவர் ஆராய்ச்சி. கப்பலே ஏறாத மனுஷருக்கு எதுக்கய்யா ஆப்பிரிக்கா என்று கூட வேலை பார்த்தவர்களே கேலி செய்வார்களாம். தென்னாப்பிரிக்கக் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி அங்கேயே செத்துப்போன நம் ஜில்லாக்காரர்களின் பெயர்களை, லீவு நாளெல்லாம் மெட்ராஸில் பழைய ரிஜிஸ்தர்களைப் புரட்டி எழுதிக்கொண்டு வந்து, தீசிஸின் கடைசியில் சேர்த்து டைப் அடிக்கக் கொடுத்தார். "வெள்ளைக்காரன் இவாளுக்கெல்லாம் நம்பர்தான் போட்டான். நீங்க ஒரு பேர்கூட விட்டுடாதேங்கோ" என்றார்.

"ஆகட்டும் சார்" என்றேன். நான் பெரிய யோக்கியன் பாருங்கள். லால்குடிப் பக்கத்துப் பெயர்களில் பாதி அடிப்பதற்குள் மாட்டினி ஷோவுக்கு நேரமாகிவிட்டது. 'மற்றும் பலர்' என்று இங்கிலீஷில் தட்டிவிட்டு சைக்கிளை எடுத்தேன். அடித்து முடித்த கையெழுத்துத் தாள்களை மண்ணெண்ணெயில் நனைத்து மெஷினின் எழுத்துகளைத் துடைப்பது எங்கள் வழக்கம். அந்தத் தாளும் அப்படியே போயிற்று.

புரொபசர் என்னை நம்பி, கடைசிப் பக்கங்களைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். டாக்டர் பட்டம் வந்தது. ஆப்பிரிக்காவிலேயே ஒரு காலேஜில் வேலையும் கிடைத்து அவரும் கப்பலேறினார்.

அடுத்த வாரம் லால்குடியிலிருந்து ஒரு விவசாயி வந்தார். ஐம்பது வயதிருக்கும். புரொபசர் போகுமுன் என்னைப் பார்க்கச் சொன்னாராம்.

"நான் வயித்துல இருக்கறப்பவே அப்பா கப்பலேறிட்டாருங்க. பேரு மருதமுத்து. அம்மா இன்னும் பொட்டு வெச்சுக்கிட்டுத்தான் இருக்கு. செத்தவங்க பேரெல்லாம் உங்ககிட்ட இருக்காமே?"

எங்களிடமிருந்த கார்பன் பிரதியைப் புரட்டினேன். மருதமுத்து இல்லை. 'மற்றும் பலர்' இருந்தது. உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும்.

"பேர் இல்லீங்க" என்றேன்.

அந்த முகம் மலர்ந்ததை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. "அப்ப உசுரோடதான் இருக்காரு. அம்மாகிட்ட சொல்லிடறேங்க, போயிட்டு வரேன்" என்று என்னைக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார். கூப்பிட்டிருக்கலாம். பாவி, அடுத்த தாளை மெஷினில் சொருகினேன்.

இன்ஸ்டிட்யூட் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. புரொபசர் ஆப்பிரிக்காவிலேயே காலமாகிவிட்டார் என்று கேள்வி. அந்த அம்மாள் கடைசிவரை வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பாள். மருதமுத்து அந்தப் பட்டியலில் இருந்தாரா என்பதுகூட எனக்குத் தெரியாது.

வாத்தியார் எள்ளைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னும் யாராவது உண்டா?" என்றார்.

இருக்கிறார்கள். பேர்தான் தெரியவில்லை.