சினியோராவின் ருலோத்துக்கு நான் பூசிய கிறீஸ்

இத்தாலியின் பலெர்மோவில் சத்தத்துக்காக யாரும் வெட்கப்பட்டு நான் கண்டதில்லை. வியா மக்வேதா தெருவில் பக்கத்தில் நிற்பவரோடு கதைக்கவும் எதிர்க்கரையில் நிற்பவரோடு கதைக்கவும் ஒரே குரல்தான். விளக்குப் பச்சையாவதற்கு முன்பே பின்னால் நிற்பவன் ஹோர்ன் அடிப்பான். ஆனால் சினியோரா லூச்சியா வெட்கப்பட்டார். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப் போகும் சில்லு வைத்த சின்ன வீட்டை இங்கே ருலோத் என்பார்கள். அவருடைய ருலோத் ஒவ்வொரு வளைவிலும் கிறீச்சிட்டது. ஊரே தன்னைத் திரும்பிப் பார்க்கிறதென்று முகம் சிவக்கச் சொன்னார். இந்த ஊரிலா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மொண்டெல்லோவுக்குப் போகிற வழியில், ருலோத்துகளைக் குளிர்காலம் முழுக்க நிறுத்தி வைக்கும் வளவொன்றில் எனக்கு வேலை. கழுவுவது, காற்றடிப்பது, கேற்றைத் திறந்து பூட்டுவது. முதலாளி சால்வோ நல்ல மனிதர்தான். ஆனால் கோபம் வந்தால் வளவு முழுக்க அதிரும். அந்த ஜூன் மாதத்தோடு என் பெர்மெஸ்ஸோ, அதாவது இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி, முடிய இருந்தது. அதைப் புதுப்பிக்க சால்வோ என் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். அது கிடைத்தால்தான் கிளிநொச்சியில் இருக்கும் மனைவி ஜெயந்தியையும் மகளையும் கூப்பிடும் அலுவலைத் தொடங்கலாம். ஆகவே அந்த மாதம் யாரும் கூப்பிட முன்பே போய் நிற்கும் ஆளாக நான் இருந்தேன்.

சினியோரா பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை தங்கையோடு கலாப்ரியாவுக்குப் புறப்படுவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை வந்து, "சிவா, இந்தச் சத்தத்தை எப்படியாவது நிற்பாட்டித் தா" என்றார். சால்வோ பகேரியாவுக்குப் போயிருந்தார். அவர் வரட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பதினைந்து வருடம் வன்னியில் உழவு இயந்திரம் ஓடியவனுக்கு ஒரு கொழுவியின் கிறீச்சுக்கு மருந்து தெரியாதா? காரின் பின்னால் ஓர் இரும்புக் குண்டு, ருலோத்தின் முன்னால் அதைக் கவ்வும் ஒரு தலை. எங்கள் ஊரில் உழவு இயந்திரத்துக்கும் அது இழுக்கும் பெட்டிக்கும் இடையில் இருந்ததும் இதே அலுவலைத்தான் செய்தது. இரும்பு கத்தினால் கிறீஸ் கேட்கிறது, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம். விரல் நிறைய அள்ளி, குண்டிலும் தலைக்குள்ளும் அப்பினேன். சினியோரா வளவை இரண்டு தரம் சுற்றி வந்தார். ஒரு சத்தமும் இல்லை. "பிராவோ!" என்று கை தட்டினார். அன்று பின்னேரம் ஜெயந்தியிடம் போனில் கொஞ்சம் கூடுதலாகவே பெருமை அடித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை அந்த ருலோத்தைக் கழுவும்போது, கொழுவித் தலையின் பக்கத்தில் ஊத்தை படிந்த ஸ்டிக்கர் ஒன்று கண்ணில் பட்டது. தேய்த்ததும் படம் தெளிந்தது. ஓர் எண்ணெய்க் குப்பி, அதன் மேலே சிவப்பில் குறுக்குக் கோடு. எந்த மொழியும் வாசிக்கத் தெரியாதவனுக்கும் விளங்கும் படம். தலைக்குள் குனிந்து பார்த்தேன். பிரேக் கட்டை போன்ற இரண்டு துண்டுகள் என் கிறீஸில் குளித்துக் கறுத்திருந்தன. அப்போதுதான் மண்டையில் ஏறியது. அந்தத் துண்டுகள் குண்டை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிப்பதால்தான் ருலோத் ஓட்டத்தில் வாலாட்டாமல் வருகிறது. உரசுவதுதான் அவற்றின் வேலை. நான் அந்த உரசலை இல்லாமல் செய்துவிட்டேன். மெஸ்ஸினாவுக்குப் போகும் நெடுஞ்சாலையில் பாலத்துக்கு மேல் பாலம் வரும், கடற்காற்று பக்கவாட்டில் வந்து அறையும். நாளைக்குச் சினியோரா அந்த வழியால்தான் கலாப்ரியாவுக்குப் போவார்.

வேறு யாருக்கும் தெரியாது. சத்தம் நின்றதில் எல்லோருக்கும் சந்தோஷம். சொன்னால் சால்வோ கத்துவார், ஒப்பந்தம் போய்விடலாம், ஜெயந்தியும் பிள்ளையும் இன்னும் எத்தனை வருடம் அங்கேயே இருப்பார்களோ. துணியால் துடைத்துப் பார்த்தேன். துண்டுகள் குடித்த கிறீஸ் துணிக்கு வரவில்லை.

வன்னியில் கடைசி யுத்தத்து இடம்பெயர்வில் அக்கா குடும்பம் அயலவர் ஒருவரின் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறியது. கொழுவி ஆணி தேய்ந்திருந்தது அவருக்குத் தெரியும். சொன்னால் சனம் பயப்படும், சமாளிக்கலாம் என்று நினைத்திருக்கிறார். ஒரு பள்ளத்தில் பெட்டி கழன்று குடைசாய்ந்தது. அக்காவின் இடது முழங்கால் அன்றிலிருந்து மடங்காது. "எனக்குத் தெரியும், நான் சொல்லேல்லை" என்று அந்த மனிதர் முகாமில் எங்கள் முன்னால் அழுதார். நான் அவரை மன்னிக்கவே இல்லை. அவர் ஏன் வாய் திறக்கவில்லை என்பது வாளியும் கையுமாக நின்ற அந்தக் காலையில்தான் எனக்கு விளங்கியது. அது விளங்கியதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

பத்து மணிக்குச் சினியோரா ஒரு பெட்டி பிஸ்கோத்தோடு வந்தார், எனக்காம். "சினியோரா, நான் பிழை விட்டுட்டன்" என்றேன், எனக்கு வாய்த்த இத்தாலியனில். அவர் நான் கூச்சப்படுகிறேன் என்று நினைத்துப் பெட்டியை என் கைக்குள் திணித்தார். "இல்லை, பிராவோ இல்லை" என்றேன். சிரித்து என் தோளில் தட்டினார். கடைசியில் பெட்டியை நிலத்தில் வைத்துவிட்டு, கொழுவித் தலைக்குள் விரலை விட்டுக் கறுப்பைக் காட்டினேன், பிறகு ஸ்டிக்கரைக் காட்டினேன், கையால் ருலோத் வாலாட்டுவதையும் காட்டினேன். அவருடைய சிரிப்பு நின்றது.

"எப்ப தெரியும்?"

"இண்டைக்குக் காலமை."

அவர் தானே போய் சால்வோவைக் கூட்டி வந்தார். சால்வோ கத்தினார். "கிறீஸ்! உதுக்குப் போய்க் கிறீஸ்!" என்று வானத்தைப் பார்த்தும் என்னைப் பார்த்தும் கத்தினார். எல்லாம் முடிந்த பிறகு அரத்தாள் ஒன்றை எடுத்து என் பக்கம் எறிந்தார். நான் குண்டைக் கழுவித் துடைத்து, வெறும் இரும்பு மினுங்கும்வரை தேய்த்தேன். பழைய கிறீஸும் துருவும்தான் முதலில் கத்தியவை என்று அவர் அப்போதுதான் சொன்னார். துண்டுகள் இரண்டையும் கழற்றிப் புதிது போட்டோம். பின்னேரம் என்னையும் சால்வோவையும் காரில் ஏற்றிக்கொண்டு சினியோரா ருலோத்தோடு மொண்டெல்லோ வரை ஓடினார். ஒரு வளைவில் மெல்லிய முனகல் ஒன்று வந்தது. நான் பதறிப்போனேன். பின் ஆசனத்திலிருந்து சால்வோ, "உவ்வளவும் இருக்க வேணும். பிடிச்சிருக்கு எண்டு அர்த்தம்" என்றார். திரும்பி வந்து இறங்கும்போது, "திங்கக்கிழமை தாளைக் கொண்டு வா, கையெழுத்து வைக்கிறன். இனிமேல் கேட்டுப்போட்டுச் செய்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஊத்தைக் கையால் துடைத்து முகமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை கேற்றைத் திறந்துவிட்டு நிற்கும்போது ஜெயந்தியின் அழைப்பு வந்தது. கையெழுத்து வைக்கிறாராம் என்று சொன்னேன். அங்கே ஒரு பெருமூச்சு கேட்டது. சினியோரா கையசைத்துவிட்டு ருலோத்தைத் தெருவுக்குள் திருப்பினார்.

"இஞ்சேருங்கோ, என்ன அங்கை ஒரு சத்தம்?"

"வீடு ஒண்டு வெளிக்கிட்டுப் போகுது."

"ஏன், என்ன பிரச்சினை?"

"ஒரு பிரச்சினையும் இல்லை. சும்மா, கடல் பாக்கப் போகினம்."

அவள் மெதுவாக, "திரும்பி வருவினமோ?" என்று கேட்டாள்.

"ஓம். பத்து நாளிலை வந்திடுவினம்" என்றேன். எங்கள் ஊரில் வீட்டை விட்டு வெளிக்கிட்டவர்கள் பத்து நாளில் திரும்பியதில்லை, அவளுக்கு அது நம்பமுடியாமல் இருந்திருக்க வேண்டும். கேற்றைப் பூட்டாமல் நின்றேன். ஒரு காதில் கிளிநொச்சியில் அவள் மூச்சுவிடுவது கேட்டது. மற்றக் காதில், சந்தியில் திரும்பும் அந்த வீட்டின் முனகல்.