பிழையில்லாத விண்ணப்பம்

2006 பெப்ரவரி 7, செவ்வாய்க்கிழமை. ஐந்து பத்துக்கு எழுந்தேன். வெளியே சைபருக்குக் கீழே பதினொன்று. தேநீர், இரண்டு துண்டு பாண். ஆறு பன்னிரண்டு ரயிலில் ஒஸ்லோவின் குரோருட்டிலிருந்து புறப்பட்டு, ஏழு மணிக்கு முன் முதியோர் இல்லத்தின் சலவை அறையில் நின்றேன். இரண்டரை வரை படுக்கை விரிப்புகள். வழக்கத்துக்கு மாறாக அன்று செய்தது ஒன்றுதான்: வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், முதல் நாள் வந்த கடிதத்துடன் குறொன்லாண்டில் இருந்த மொழி வகுப்பு அலுவலகத்துக்குப் போனேன்.

பதினாறு ஆண்டுகளாக ஒஸ்லோவில் பாத்திரங்களும் துணிகளும் கழுவியிருந்தேன். அவற்றோடு பேச நோர்வேஜிய மொழி தேவைப்படவில்லை. டிசம்பரில் இல்லத்தின் மாடிப் பிரிவுப் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டு, முதியவர்களைப் பராமரிக்கும் உதவியாளர் இடமொன்று காலியாகிறது, நிரந்தர வேலை, எனக்குத் தரலாம் என்றார். பெப்ரவரி முடிவதற்குள் மாலை வகுப்பொன்றில் சேர்ந்ததற்கான கடிதம் காட்ட வேண்டும். வேறு நிபந்தனை இல்லை.

வகுப்புக்கான விண்ணப்பத்தின் கடைசியில் ஒரு பெரிய கட்டம் இருந்தது. ஏன் கற்க விரும்புகிறீர்கள், தெரிந்த அளவில் நோர்வேஜிய மொழியில் எழுதுங்கள் என்று கேட்டிருந்தார்கள். ஐந்து வரி எழுதினேன். எங்கள் ஆட்கள் அலுவலகத்துக்குப் போகும் தாளை அடித்தல் திருத்தலோடு கொடுப்பதில்லை. வீட்டில் இங்கே பிறந்த பிள்ளை ஒன்று இருந்தால், அதன் கை பட்ட பிறகுதான் தாள் வெளியே போகும். மகள் திருத்தித் தந்ததை மூன்று முறை பார்த்து எழுதி, மூன்றாவது பிரதியைக் கொடுத்தேன்.

வந்த கடிதத்தின்படி, அந்த ஐந்து வரியை வைத்து என்னை உயர்நிலை வகுப்பில் போட்டிருந்தார்கள். திங்கள் முதல் வியாழன் வரை, காலை ஒன்பது மணிக்கு. நான் விரிப்பு மடிக்கும் நேரம்.

அலுவலகத்தில் என் இலக்கம் அறுபத்து நான்கு, திரையில் நாற்பத்தொன்று. முறை வந்ததும் அங்கிருந்த பெண் கோப்பைத் திறந்து பார்த்து, “மிக நன்றாக எழுதுகிறீர்கள்” என்றார். எழுதியது மகள் என்று சொல்லத் தொடங்கினேன். பாதியில் சொற்கள் தீர்ந்துபோயின. அதுவே போதிய சாட்சி என்று நினைத்தேன். அவரும் விளங்கிக்கொண்டார், ஆனால் பயனில்லை. தொடக்கநிலை மாலை வகுப்பு போன வாரமே நிரம்பிவிட்டதாம். அடுத்தது ஆகஸ்டில். தனியார் பள்ளியொன்றில் மாலையில் இடம் உண்டு என்று ஒரு தாளைத் தந்தார். கட்டணம் என் ஒரு மாதச் சம்பளத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு. மொழி தெரிந்திருந்தால் அதைக் கட்டக்கூடிய வேலையில் இருந்திருப்பேன்.

வீட்டில் மகள் கடிதத்தை வாங்கிப் படித்தாள்.

“அப்பா, அவை உங்கட பிழையைப் பாக்கத்தானே எழுதச் சொன்னவை. நான் அப்பவே சொன்னனான்.”

சொன்னாள்தான். “பிழையோடயோ குடுக்கிறது? மானம் போகும்” என்று அதட்டியவன் நான்.

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “ஒரு பிழையும் விடாமல் பெயிலான முதல் ஆள் நீங்கள்தானப்பா.”

“உனக்குச் சிரிப்பு.”

“பின்னை? ஆகஸ்ட் வரைக்கும் இருந்து அழச் சொல்லுறியளோ?”

அதற்குப் பிறகு அவளும் சிரிக்கவில்லை. மகள்தான், “நாளைக்கு அந்தப் பொறுப்பாளருக்கு நான் ஒரு கடிதம் எழுதித் தாறன், அப்பா. நல்லா விளங்கப்படுத்தலாம்” என்றாள்.

“வேண்டாம். நீ எழுதினது காணும்.”

அவள் முகம் சுருங்கியது. பிழை அவளுடையதல்ல என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். 

மறுநாள் காலை ஆறு ஐம்பதுக்கு, உடை மாற்றுவதற்கும் முன், மாடிக்குப் போய், அந்த உதவியாளர் இடத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடும்படி பொறுப்பாளரிடம் சொன்னேன். அந்த வசனத்தை ரயிலில் நானே கட்டியிருந்தேன். இரண்டு பிழைகளாவது இருந்திருக்கும். அவருக்கு முதல் தடவையிலேயே விளங்கிவிட்டது.