திங்கட்கிழமை மாத்திரை

“...ஒரு செல் கூப்பாடு போட்டா பக்கத்து செல் சும்மா இருக்காதும்மா. டிஎன்எஃப்னு ஒரு சேதிய அது வெளிய விடுது. மூட்டு உள்சவ்வுல இருக்கிற செல்லுங்க அதைக் கேட்டுட்டு இன்டர்லூகின்னு இன்னொரு சேதிய அனுப்புது. அதைக் கேட்டு ரத்தத்துலேர்ந்து புதுசா செல்லுங்க வந்து குவியுது. வந்ததுங்க மறுபடி டிஎன்எஃப் விடுது. நடுவுல மாட்டிக்கிட்டு கரையறது உங்க எலும்பு.”

திருவண்ணாமலைக்கு மாதம் ஒருமுறை வந்துபோகும் மூட்டு டாக்டரம்மா, என் கை எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டிச் சொன்னார்.

“எங்க பங்காளிங்க கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருக்குதுங்க” என்றார் என் வீட்டுக்காரர். டாக்டரம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடுவிரல் கணு எலி கொறித்தது போல் இருந்தது. அடி அண்ணாமலையில் எனக்கு இட்லிக் கடை. “கையா இது, உப்புன பணியாரம்” என்று பால்காரர் கேலி செய்வார். அன்று விடிகாலை மாவுக் கரண்டியே கைக்குள் நிற்கவில்லை. கை போனால் கடை போச்சு.

“நாலு மாசமா குடுத்த மாத்திரைக்கு வீக்கம் கேக்கல. அந்த டிஎன்எஃப்பையே கட்டிப்போடற ஊசி வந்திருக்கு. ஆனா கிருமிய அடக்கி வைக்கவும் அதே சேதிதான் வேணும். உள்ள டிபி தூங்கிட்டிருந்தா எழுந்துக்கும். வீட்ல யாருக்காவது இருந்துச்சா?”

என் அப்பா அதில்தான் போனார். அவர் துப்பிய சட்டியைக் கழுவியது நான். சொன்னேன்.

ஆனால் சொல்லாதது ஒன்று இருந்தது. மாத்திரை வாரத்தில் ஒரே நாள், சாப்பிட்ட பிறகு. நாள் மாறக்கூடாது, தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டரம்மாதான் எச்சரித்திருந்தார். மறக்காத நாள் என்று திங்களைப் பிடித்துக்கொண்டேன். பிறகு, வீக்கம் வடிய வேண்டுமென்று அண்ணாமலையாருக்குத் திங்கள்தோறும் பட்டினி வேண்டிக்கொண்டேன். அன்று சோறில்லை, ஆகவே மாத்திரையும் இல்லை. செவ்வாயில் போடவோ பயம். நாலு மாதம் ஓடிவிட்டது.

வீட்டுக்காரர் கண்ணில் படாமலிருக்க எங்கே போனாலும் பையிலேயே கொண்டுபோன மாத்திரை டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தேன். அட்டைகள் பிரிக்காமல் கிடந்தன.

“அடிப்பாவி” என்றார் வீட்டுக்காரர், மெதுவாக.

“விரதங்க...” என்று மட்டும் வந்தது. இத்தனை நாள் உள்ளே அந்த செல்லுங்க கத்திக்கொண்டே இருந்திருக்கின்றன, வாயடைக்க வேண்டியதை நான் டப்பாவில் பூட்டி வைத்திருக்கிறேன்.

“கரைஞ்சது திரும்ப வருமாங்க?”

“வராது. மிச்சத்தைக் காப்பாத்தலாம். இன்னைக்கே டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுத்துட்டுப் போங்க, அது சரியா இருந்தா மாத்திரையத் திரும்ப ஆரம்பிக்கலாம். எந்த நாள் வயிறாரச் சாப்பிடுவீங்க?”

“வியாழன்.”

டாக்டரம்மா ஊசிக்கு எழுதிய சீட்டைக் கிழித்தார். புதுச் சீட்டில் ‘வியாழன்’ என்று பெரிதாக எழுதி, அதை என்னிடம் நீட்டாமல், எழுந்து வந்து என் வீட்டுக்காரரின் சட்டைப் பையில் செருகினார்.