கழுத்தில் தொங்கிய சாவி

ஜோகூர் பாரு மருத்துவமனையில் மருந்துக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் பாசிர் கூடாங் ஃபேக்டரி அட்டையோடு ஒரு சாவி. கூடவே பத்து வயது மகள். ஆட்டிசம் உள்ள பிள்ளை. நான் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்ததும் அவள் அலறித் தன் மணிக்கட்டைக் கடிக்கப் போனாள். சட்டென்று அவர் தன் கையைக் கடிக்கக் கொடுத்தார்.

"பசிக்குதுபோல அண்ணே. ஒண்ணு கொடுக்கட்டா?"

"வேணாம்க்கா, இப்பதான் சாப்பிட்டா. இந்த மருந்து ஆரம்பிச்சதிலேருந்து வயிறு நெறையிறதே தெரியல. டாக்டர் அளவைக் கொறச்சா சுவத்துல தலைய முட்டிக்கிறா. வீட்டுல ஐஸ்பெட்டிக்குப் பூட்டு போட்டிருக்கேன்."

பிஸ்கட்டைப் பைக்குள் திணித்தேன். அவள் அடங்க வெகுநேரமானது. அவர் கையில் பல் பதிந்திருந்தது.

"பொறந்தப்ப மூச்சுத் திணறிப்போச்சு. பால் உறிஞ்சத் தெரியல, மூக்குல குழாய். இவளுக்குப் பசிக்கணும்னு போகாத கோயில் இல்லக்கா."

மகள் திரும்பி அவர் முகத்தை முகர்ந்தாள். "அப்பா ஒண்ணும் சாப்பிடலம்மா" என்று வாயை அகலத் திறந்து காட்டினார். அவள் உள்ளே உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்த்து முடிக்கும்வரை அவர் வாயை மூடவில்லை.