பிள்ளைக்காரிகளை முதலில் கூப்பிட்டது யார்?

1. முகமில்லாத பெரட்டு

பூமணியைப் பெற்று, உடம்பு தேறி, நான் மறுபடி மலைக்கு ஏறிய முதல் நாள் ஒரே பனி. விடியலில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் யாருக்கும் முகமே இல்லை, குரல்கள் மட்டும்தான் நின்றன. பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டுக் கூடையை மாட்டியபோது தூக்கத்தில் நடப்பது போல இருந்தது. அவளுடைய பால் வாசம் என் கழுத்திலேயே கிடந்தது.

இது ஐம்பதுகளின் நடுவில், இலங்கையில் டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். இப்போது புதிதாகக் கங்காணி வேலைக்கு வந்த பிள்ளைகள், ஆட்களை எப்படி நடத்துவது என்று என்னிடம் கேட்கிறார்கள். அடப் போங்கப்பா, நான் கொழுந்து பறித்தவள், எனக்கு என்ன தெரியும்? கங்காணிமாரின் குரலைக் கேட்டே காலம் தள்ளியவள். அந்தப் பனிக்குள் காதில் விழுந்ததை வேண்டுமானால் சொல்கிறேன்.

அன்று பெரட்டில் கணக்கப்பிள்ளை ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிக் காட்டினார். "இது தொரை குடுத்தது. திருவிழா வரைக்கும் எந்தக் கூட்டம் கொழுந்து கூட எடுக்குதோ, அவங்கதான் மாரியம்மன் தேருக்கு முன்னால இதத் தூக்கிட்டுப் போவாங்க."

தோட்டத்தின் மேல் பிரிவை மேல் கணக்கு என்போம், அதில் இரண்டு கூட்டம். எங்களுக்கு வீரமுத்துக் கங்காணி. பாதைக்கு அந்தப் பக்கத்துக் கூட்டத்துக்குச் சின்னான் கங்காணி. இருவரும் மாமன் மச்சான் முறை. தேருக்கு முன்னால் விளக்குப் பிடிப்பது என்றால் சும்மாவா? இரண்டு பேர் மீசையும் அந்தப் பனியிலும் துடித்திருக்கும்.

2. பத்து மணிக்குப் பால் இல்லை

பிள்ளைக்காரிகள் பத்து மணிபோல் மலையை விட்டு இறங்கிப் பால் கொடுத்துவிட்டு வரலாம் என்பது தோட்டத்து வழக்கம். அதில்தான் வீரமுத்துக் கங்காணி முதலில் கை வைத்தார்.

"எறங்குறது ஏறுறதுன்னே பாதிப் பொழுது போயிருது. மத்தியானம் கொழுந்து நிறுவ முடிஞ்ச பொறகு குடுத்துக்கலாம்."

"பச்சப் புள்ளைங்க, கங்காணி ஐயா. அதுவரைக்கும் தாங்காதுங்க" என்றேன்.

"ஒண்ணும் ஆகாது தெய்வான! மீறிப் போனவ பேர வெட்டிருவேன், பாத்துக்க."

பேரை வெட்டினால் அன்று வேலைக்கே வரவில்லை என்று கணக்கு. பத்து மணிக்கு யாரும் இறங்கவில்லை. கூடை நிறைந்தது, கங்காணிக்கு நெஞ்சும் நிமிர்ந்தது. பூமணி மட்டும் மெலிந்தாள். ஆயா வெந்நீரில் சீனி கலந்து நாக்கில் தடவிப் பார்த்தாளாம், பிள்ளை துப்பிவிட்டதாம். பிறகு அழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். பெட்ரோமாக்ஸாம், பெட்ரோமாக்ஸ்!

சின்னான் கங்காணி மட்டும் சாமியாரா என்ன? தோற்ற அன்று அந்த மனுசன் வெற்றிலைகூடப் போடமாட்டார், பெண்சாதிக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டார். ஆனாலும் பத்து மணியானால் பாதைக்கு அப்பாலிருந்து அவர் குரல் தவறாமல் வரும். "புள்ளக்காரிங்க எறங்குங்க!" அவர்கள் போன பிறகு அவர்களுடைய நிரையை மற்றப் பெண்கள் பங்கு போட்டுப் பறிப்பார்கள். நாங்கள் தலையைக் குனிந்துகொள்வோம்.

3. யார் பிள்ளை?

திருவிழாவுக்கு முந்திய கடைசி நிறுவை நாள். அன்று இரண்டு கூட்டத்துக்கும் பிள்ளைக் காம்பராவுக்கு நேர் மேலே இருக்கிற மலை. பனி என்றால் அப்படியொரு பனி, அடுத்த செடி தெரியவில்லை. கை தன்பாட்டில் பறித்தது. நான் எங்கே நிற்கிறேன், எந்த நிரை, ஒன்றும் புரியாத ஒரு மிதப்பு. வீரமுத்துக் கங்காணி எங்கோ கோடியில் "வெரசா! வெரசா!" என்று கத்தியது வேறு ஊரில் கேட்பது போலக் கேட்டது.

அப்போது கீழேயிருந்து ஒரு பிள்ளை அழுதது.

யார் பிள்ளை என்று தெரியவில்லை. பனிக்குள் அந்த அழுகை எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. கட்டிக் கிடந்த பால் தானாகச் சுரந்து என் ரவிக்கை நனைந்துவிட்டது. பக்கத்து நிரையில் ஒருத்தி "ஐயோ, எனக்கும்டி" என்றாள். இன்னொருத்தி தேம்பினாள்.

"பேர வெட்டுனா வெட்டிட்டுப் போறான்" என்று கூடையை இறக்கி வைத்துவிட்டு இறங்கினேன். பின்னால் சரசரவென்று காலடிகள். எங்கள் கூட்டத்துப் பிள்ளைக்காரிகள் அத்தனை பேரும் வந்தார்கள்.

அழுதது வேறு பிள்ளை. பூமணி ஏணையில் விழித்துக்கொண்டு சும்மா கிடந்தாள். அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது. மடியில் போட்டதும் கவ்விக்கொண்டாள். வெளியே மலையும் இல்லை, தோட்டமும் இல்லை. வெள்ளையாக ஒரு அமைதி. அப்படியே இருந்துவிடமாட்டோமா என்று தோன்றியது.

திரும்பி ஏறி வந்து பார்த்தால் என் நிரை முடிந்திருந்தது. பாதியில் வைத்த கூடை நிறைந்திருந்தது. மாரியாத்தாதான் பனியில் வந்து பறித்துப் போட்டாளோ என்று மெய் சிலிர்த்துக் கும்பிட்டேன்.

பனிக்குள் ஒரு சிரிப்பு. "கும்புட்டது போதும்டி, நான் ஆத்தா இல்ல." சின்னான் கங்காணி கூட்டத்துப் பாக்கியம்! "நீங்க எறங்குற சத்தம் கேட்டதும் எங்க கங்காணிதான் போகச் சொன்னாரு. 'புள்ளைக்குப் பால் குடுக்கப் போனவ நெறையில நான் ஜெயிக்கணுமா? அந்தப் பொழப்பு எனக்கு வேணாம். அந்தப் புள்ளைங்க பேரும் வெட்டுப்படக் கூடாது. போய்ப் பறிச்சுப் போடுங்க'ன்னாரு. சொல்லிப்புட்டுத் தோத்துருவோமேன்னு பல்ல நறநறன்னு கடிச்சாரு பாரு!"

4. மடுவத்தில்

கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் எடை போட்டார்கள். எங்கள் கூட்டம்தான் கொஞ்சம் கூட. கணக்கப்பிள்ளை விளக்கை நீட்ட, வீரமுத்துக் கங்காணி மாப்பிள்ளை மாதிரி முன்னால் வந்தார். சின்னான் கங்காணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "கங்காணி ஐயா, நாங்க பாலு குடுக்க எறங்கிட்டோங்க. எங்க கூடையில பாதி அவங்க பறிச்ச கொழுந்துங்க. என் பேர வெட்டுறதுன்னா வெட்டிக்கங்க."

வீரமுத்துக் கங்காணி கூடைகளைப் பார்த்தார், நனைந்து காய்ந்த எங்கள் ரவிக்கைகளைப் பார்த்தார். பிறகு மச்சான் முன்னால் போய் விளக்கை நீட்டினார்.

"இந்தா மச்சான். இது ஒன்னுது."

சின்னான் கங்காணி ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினார். "ஒத்த ஆளு அதத் தூக்கிக்கிட்டு பம்பும் அடிக்க முடியுமா? நீ தூக்கு. நான் பம்ப் அடிக்கிறேன்."

அந்த வருசம் தேர் அப்படித்தான் போனது. யார் பேரும் வெட்டுப்படவில்லை.

5. பிறகு

ஆள் நடத்துகிறவனுக்குப் போட்டியே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். போட்டி இல்லாத கங்காணி மரத்தடியில் தூங்குவான். எதில் முந்துகிறோம், யார் வயிற்றை மிதித்து முந்துகிறோம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கண்டது அவ்வளவுதான்.

அந்த இரண்டு பேரும் மாறிவிட்டார்கள் என்றா நினைக்கிறீர்கள்? மறுநாள் பத்து மணிக்கு முன்பே எங்கள் கங்காணி குரல் கொடுத்தார். "புள்ளக்காரிங்க எறங்குங்க!" அதற்கடுத்த நாள் சின்னான் கங்காணி அவரை முந்தினார். மழைக்காலம் முடிவதற்குள் ஒன்பது மணிக்கே எங்களை விரட்ட ஆரம்பித்துவிட்டார்கள். "ரெண்டு பேரும் சேந்து மலையையே புள்ளக் காம்பராவுக்கு எறக்கிருவானுங்க போல" என்று கணக்கப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார்.

பூமணிக்குக் கன்னம் வைத்துவிட்டது. அவளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, மேலே பனிக்குள் இருவரும் சண்டை போடுவது எனக்குக் கேட்கும்.

"நான்தான் மொதல்ல கூப்புட்டேன்!"

"போ மச்சான், நான்தான்!"