அசைவப் பூ ஒன்று கரமனைக்கு வந்தது

போன ஞாயிற்றுக்கிழமை, கரமனையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு விசாரணை நடந்தது. குற்றவாளி — ஒரு செடி. காக்கப்பூ!

பெயரைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். நீலமும் ஊதாவும் கலந்த, விரல்நகம் அளவுப் பூ. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் வெட்டுக்கல் பாறையிலும் வயல் ஓரத்திலும், ஈர்க்குச்சி மாதிரித் தண்டில் எட்டிப் பார்க்கும். ஒரு காலத்தில் ஓணப் பூக்கோலத்துக்கு இதைத்தான் தேடித் தேடிப் பறிப்பார்களாம். இப்போது யார் தேடுகிறார்கள்? தோவாளையிலிருந்து கேந்திப்பூ என்கிற செண்டுமல்லி மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறதே!

கழக்கூட்டத்தில் ஐ.டி. வேலை பார்க்கும் என் மகன், தன் ஃபிளாட்டுக்குப் பின்னால் இருந்த சதுப்பிலிருந்து கொஞ்சம் மண்ணோடு பெயர்த்து, அம்மாவுக்கென்று கொண்டுவந்தான். என் மனைவி ஜெயாவுக்குத் தலைகால் புரியவில்லை. மண்புழு உரம், காபிச் சக்கை, அரிசி களைந்த தண்ணீர்... விழுந்து விழுந்து கவனித்தாள். பாதிச் செடி அழுகிப் போயிற்று.

பிறகுதான் விசாரித்தோம். இதற்கு உரமே ஆகாதாம்! அகலமான ஒரு பேசின், மணல், தேங்கிய மழைத்தண்ணீர், நல்ல வெயில் — அவ்வளவுதான். உபசாரத்தை நிறுத்தினோம். ஜோராகப் பூத்தது. முதல் பூ பூஜை அறைப் பிள்ளையாருக்குப் போனது.

ஞாயிறன்று பக்கத்து வீட்டு ஷீலா டீச்சர் மாடிக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் பாட்டனி எடுப்பவர். பேசினைப் பார்த்ததும் தன் மலையாளத்தில் கூவினார்: "அய்யோ மாமி, இது நான்-வெஜ் ஆணு, கேட்டோ!"

மண்ணுக்கடியில் கடுகைவிடச் சின்னதாகப் பைகள் இருக்குமாம். ஈரத்தில் நீந்தி வரும் நுண்ணிய பூச்சிகளை லபக்கென்று உறிஞ்சிக்கொள்ளுமாம். சத்தில்லாத மண்ணில் பிழைக்க அதற்கு வேறு வழியில்லையாம்.

நாங்கள் வெங்காயத்தையே நாள் பார்த்துச் சாப்பிடும் குடும்பம்! ஜெயாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "அடக் கஷ்டமே! பிள்ளையார் தலையில வெச்சுட்டேனே!"

என் கவலை செடியைப் பற்றியல்ல. லீவுக்கு வந்து பக்கத்தில் நின்ற மகனைப் பற்றி. கழக்கூட்டத்து ஹோட்டல் ஒன்றில் அவன் பொரோட்டாவும் சிக்கனுமாக உட்கார்ந்திருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வீட்டில் நான் மூச்சு விடவில்லை. இப்போது செடிக்கே இடமில்லை என்றால் பையனுக்கு என்ன தீர்ப்பு? அவனோ பேசினிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"தூக்கிப் போட்டுடவா?" என்றேன் மெதுவாக.

ஜெயா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "எதுக்கு? மண்ணுக்கடியில அது எதையோ தின்னுட்டுப் போறது. கழக்கூட்டத்துல தின்னுட்டு ஆத்துக்கு வரவனை நான் வாசல்லயா நிறுத்தி வெச்சிருக்கேன்?"

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். இத்தனை நாளாக ரகசியத்தைக் கட்டிக் காப்பதாக நினைத்துக்கொண்டிருந்த நான், மேகம் பார்க்க ஆரம்பித்தேன்.

அன்று மத்தியானம் என் மகன் பாகற்காயைக்கூட மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்!