எட்டு வீட்டுக்கு ஓர் அடுப்பு

அம்மா இறந்த மூன்றாம் நாள் வரைபடத்தைத் தரையில் விரித்துவிட்டேன். கட்டிடக்கலை இறுதியாண்டு. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே ஆய்வுக்குழு முன் நிற்க வேண்டும். தேறாவிட்டால் ஒரு வருடம் போச்சு. அந்தப் பயம்கூட எனக்கு வரவில்லை. அழுகையும் வரவில்லை. பார்க்க வந்தவர்கள் அழுதபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது.

சாணார்பட்டி, எரியோடு பக்கமிருந்து திண்டுக்கல்லுக்கு வேலைக்கு வந்து, வாடகை வீட்டுக்கு அலைகிற குடும்பங்களுக்காக ஒரு கூட்டுக் குடியிருப்பு வரைந்திருந்தேன். எட்டு வீடுகள், நடுவில் முற்றம், எல்லோருக்கும் ஒரே சமையற்கூடம். சேர்ந்து சமைத்தால் மனிதர்கள் சேர்ந்துவிடுவார்கள் என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்தேன். பேராசிரியர் அதை அடிக்கோடிட்டுப் பாராட்டியிருந்தார்.

எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. எதிர்வீட்டு டீச்சரக்காதான் மூன்று வேளையும் கேரியரில் கொண்டுவந்தார். எங்களுக்கும் சேர்த்துச் சிலுவை போட்டுவிட்டுப் பரிமாறுவார். அப்பாவும் நானும் தின்றோம். என்ன தின்றோம் என்று கேட்டால் தெரியாது.

அன்று மதியம் டீச்சரக்கா வரைபடத்தைக் குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, இம்புட்டு வீட்டுக்கும் ஒரே அடுப்படியா?"

"ஆமாக்கா. எல்லாரும் சேந்து பொங்கிக்கலாம்."

"நல்லதுதான். இதுல ஒரு வீட்ல சாவு, துட்டின்னு விழுந்தா?"

அக்கா அந்த ஒற்றை அடுப்படியின்மேல் விரலை வைத்தார்.

"அந்த அடுப்ப எப்படிப் பத்தவைப்பாக? எட்டு வீடும்ல பட்டினி கெடக்கும். துட்டி வீட்டுக்கு யாரு சோறு கொண்டாருவா?"

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் சுரைக்காய்க்கு அடிக்கோடு வேறு. மூன்று நாளாக எதிர்வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே இது எனக்கு உறைக்கவில்லை.

சாயங்காலமே சமையற்கூடத்தை இரண்டாக்கினேன். முற்றத்தின் இந்தப் பக்கம் நாலு வீட்டுக்கு ஒன்று, எதிரே நாலு வீட்டுக்கு ஒன்று.

ஆய்வுக்குழுவில் மூத்தவர் இரண்டாவது அடுப்படியைப் பென்சிலால் தட்டினார்.

"இடம்தான் வேஸ்ட். எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு எரியாத நாள்ல இன்னொண்ணுலருந்து சாப்பாடு வரணும் சார்."

"ஏன் எரியாது? கேஸ் தீந்துருமா?"

"இல்ல சார். எங்கம்மா செத்துட்டாங்க."

அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. கேட்ட கேள்விக்கு அது பதில்கூட இல்லை. அத்தனை பேர் முன்னால், வரைபடத்தின்மேல் கையை ஊன்றிக்கொண்டு, ஓவென்று அழுதேன்.